பொம்பா வண்டிக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்

(குடியிருப்பாளர்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், இரவு ஷிப்ட் முடித்து நேரே இங்கே வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் முதலில் என் நன்றி.

இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. வீட்டில் தீப்பிடித்தால் 999-க்கு அடிக்கிறோம். பொம்பா வண்டி வருகிறது. அந்த வண்டிக்கு, அதில் வரும் ஆட்களின் சம்பளத்துக்கு, அந்த நிலையம் கட்டியதற்கு யார் பணம் கொடுத்தது?

இந்தக் கேள்வியை நான் போகும் இடமெல்லாம் கேட்கிறேன். மூன்று பதில்கள் வரும். ஒன்று, "கவர்மெண்ட் கொடுக்குது." இரண்டு, "அது இலவசம்." மூன்று, "நாங்க கட்டுற சுக்காய் பிந்துல அது அடங்கும்." மூன்றுமே சரியில்லை. இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். விஷயம் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதாக நினைப்பவர், குறை இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். சுக்காய் பிந்துவில் அடங்கும் என்று நினைப்பவர், நகராண்மைக் கழகத்தில் போய் மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். எந்தக் காசு எந்தப் பைக்குப் போகிறது என்று தெரிந்தவர்தான் சரியான கதவைத் தட்டுவார்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1883-இல் சிலாங்கூரில் ஒரு சில தன்னார்வலர்களோடுதான் தீயணைப்புப் படை ஆரம்பித்தது. பிறகு பல ஆண்டுகள் தீயணைப்பு என்பது அந்தந்த ஊர், மாநில நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. பணக்கார நகரத்துக்கு நல்ல வண்டி; ஏழை ஊருக்கு ஓட்டை வண்டி. 1976 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தில் இந்தச் சேவை கூட்டரசு அரசாங்கத்தின் கைக்கு மாறியது. 1988-இல் தீயணைப்புச் சேவைச் சட்டம், அதாவது 341-ஆம் சட்டம் வந்தது. 1997-இல் பெயரோடு 'மீட்பு' என்ற சொல்லும் சேர்ந்தது. இன்று அது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் இயங்கும் கூட்டரசு இலாகா.

அதனால்தான் சுக்காய் பிந்து பதில் தவறு என்று சொன்னேன். நம் பெரியவர்களில் சிலருக்குப் பழைய கால நினைவு. மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. பொம்பாவின் பணம் புத்ராஜெயாவிலிருந்து வருகிறது.

சரி, புத்ராஜெயாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

"நான் வருமான வரி கட்டுற அளவுக்குச் சம்பாதிக்கலையே சார்" என்று ஒரு தொழிலாளி சொல்வார். வருமான வரி கட்டாவிட்டால் வரியே கட்டவில்லை என்று அர்த்தமா? 2015 ஏப்ரல் 1 முதல் நாம் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டினோம். அப்போது ரசீதில் அது தனியாகத் தெரிந்தது. எல்லாருக்கும் கோபம் வந்தது. 2018 ஜூன் 1-இல் அதைப் பூஜ்ஜியமாக்கினார்கள். செப்டம்பர் 1 முதல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. விற்பனை வரி 5 விழுக்காடு அல்லது 10 விழுக்காடு. அது தொழிற்சாலையிலும் இறக்குமதியிலும் வசூலிக்கப்படுவதால் கடை ரசீதில் தெரியாது. பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும். அரிசி, காய்கறி போன்ற அடிப்படைப் பொருள்களுக்கு அந்த வரி இல்லை, உண்மைதான். ஆனால் நீங்கள் தவணையில் வாங்கிய தொலைக்காட்சிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் உண்டு. வரிக்குப் பதிவு பெற்ற உணவகத்தில் குடும்பத்தோடு 50 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டால் 6 விழுக்காடு சேவை வரி. அதாவது 3 ரிங்கிட். வேறு பல சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. சிகரெட்டுக்கும் பீருக்கும் தனி வரி இருப்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பணமெல்லாம், நிறுவன வரி, வருமான வரி, பெட்ரோல் வருமானம் எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரே குளத்தில் விழுகிறது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 97-ஆவது விதியில் அந்தக் குளத்துக்குப் பெயர் கூட்டரசுத் திரட்டு நிதி. 96-ஆவது விதிப்படி, சட்டத்தின் அனுமதி இல்லாமல் கூட்டரசு ஒரு காசு வரிகூட வசூலிக்க முடியாது. 104-ஆவது விதிப்படி, சட்டத்தின் அனுமதி இல்லாமல் அந்தக் குளத்திலிருந்து பணம் எடுக்கவும் முடியாது. அந்த அனுமதியைத்தான் ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தின்போது நாடாளுமன்றம் கொடுக்கிறது.

அப்படியானால் பணம் போட்டவர்களில் நீங்களும் ஒருவர். பொம்பா உங்களுக்குக் காட்டும் சலுகை அல்ல. நீங்கள் முன்கூட்டியே பணம் கட்டிவிட்ட சேவை. அதனால்தான் தீயணைத்த பிறகு எந்த அதிகாரியும் உங்களிடம் பில் நீட்டுவதில்லை.

எல்லா நாட்டிலும் இப்படிப் பணம் மறைவாக இருப்பதில்லை. இங்கிலாந்தில் வீட்டு வரி பில்லில் தீயணைப்புக்கு எவ்வளவு என்று பொதுவாகத் தனி வரியாகவே அச்சடித்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முன்பு வீட்டுக் காப்புறுதியோடு சேர்த்துத் தீயணைப்புக் கட்டணம் வாங்கினார்கள். காப்புறுதி எடுத்தவர் கட்டினார், எடுக்காதவர் கட்டவில்லை, ஆனால் வண்டி இருவர் வீட்டுக்கும் போனது. 2009 பிப்ரவரியில் அங்கே காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அரச ஆணையம் இந்த முறையை மாற்றச் சொன்னது. 2013 ஜூலை 1 முதல் சொத்து வைத்திருப்பவர் எல்லாரும் கட்டும் வரியாக அது மாறியது. பில்லில் தொகை தெரிவதால் அங்குள்ள மக்கள் கேள்வி கேட்கிறார்கள்.

நம் நாட்டில் தனி வரி இல்லை, தனி பில் இல்லை. இதில் ஒரு நன்மை உண்டு: ஏழை, பணக்காரர், காப்புறுதி உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடு கிடையாது. ஒரு தீமையும் உண்டு: ஒரே குளத்தில் நூறு பேர் வாளி விடுகிறார்கள். சத்தம் போடுபவரின் வாளி முதலில் நிரம்பும். சத்தம் போடாத வட்டாரத்தில் பக்கத்து நிலையம் தூரமாகவே இருக்கும்.

ஆனால் பொம்பா ஒன்றை மட்டும் வைத்து உயிர் பிழைக்க முடியாது. வண்டி வந்தாலும் தண்ணீர் வேண்டும், பாதை வேண்டும், கட்டடத்துக்குள் குழாய் வேண்டும். அவற்றுக்கு வேறு வேறு பைகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் பை, கூட்டரசு. ஆட்கள், வண்டிகள், நிலையங்கள். புதிய நிலையம் கட்டுவது மேம்பாட்டுச் செலவில் வருகிறது; அது ஐந்தாண்டுத் திட்டத்தோடு ஒட்டியது. இப்போது நடப்பது 2026 முதல் 2030 வரையிலான 13-ஆவது மலேசியத் திட்டம். ஆகவே நிலையம் வேண்டும், கூடுதல் வண்டி வேண்டும் என்றால் கேட்க வேண்டியது மாநிலப் பொம்பா இயக்குநரையும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரையும். சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் கூட்டரசு ஒதுக்கீட்டுக்கு ஓட்டுப் போடுபவர் அவர் அல்ல.

இரண்டாவது பை, நகராண்மைக் கழகம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி நீங்கள் கட்டும் மதிப்பீட்டு வரி இங்கே போகிறது. கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பது இவர்கள். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் தீப் பாதுகாப்புக்கென்றே விதிகள் இருக்கின்றன. பின்சந்து அடைத்துக் கிடக்கிறதா, ரோட்டின் இரண்டு பக்கமும் காரை நிறுத்திப் பொம்பா வண்டி திரும்ப முடியவில்லையா? அந்தப் புகார் இங்கே. சுக்காய் பிந்து ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மூன்றாவது, தண்ணீர்க் குழாய். சாலையோரம் நிற்கும் பொம்பா குழாயை வெறும் இரும்புத் தூண் என்று நினைத்துத் துணி காயப்போடுகிறவர்களையும், பக்கத்தில் குப்பை கொட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். அதை மறைப்பதும் சேதப்படுத்துவதும் 1988 சட்டப்படி குற்றம். உங்கள் வரிசையில் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது? அதில் தண்ணீர் வருகிறதா? மூடி களவு போயிருந்தால் பொம்பா நிலையத்துக்கும் தண்ணீர் விநியோக நிறுவனத்துக்கும் இரண்டு பேருக்குமே எழுதுங்கள். ஒருவருக்கு எழுதினால், "அது அவங்க வேலை" என்ற பதில் வரும்.

நான்காவது பை, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு. இதைக் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொம்பா உங்கள் கட்டடத்தின் வாசல்வரை வரும். உள்ளே ஒவ்வொரு மாடியிலும் இருக்க வேண்டிய தண்ணீர்க் குழாய்ச் சுருள், தீயணைப்புக் கருவி, எச்சரிக்கை மணி, படிக்கட்டு விளக்கு எல்லாம் மாதாமாதம் நீங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலும் சேமநிதியிலும் பராமரிக்கப்பட வேண்டியவை. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது 757-ஆம் சட்டம், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டுக் கூட்டத்தில் வைக்கச் சொல்கிறது. கட்டடத்தைத் தீக்குக் காப்புறுதி செய்வதும் நிர்வாக அமைப்பின் சட்டக் கடமை.

மலிவு விலை அடுக்குமாடிகளில் நடப்பது என்ன? பித்தளை முனைகளைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றுவிடுகிறார்கள். குழாய்ச் சுருள் இருந்த பெட்டியில் செருப்பும் துடைப்பமும் இருக்கிறது. பாதிப் பேர் பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை. கட்டுகிற பாதிப் பேர் கணக்குக் கேட்பதில்லை. நிர்வாகத்திடம் பணமில்லை என்றால் காப்புறுதி காலாவதியாகும். அன்றைக்குத் தீப்பிடித்தால், ஒழுங்காகப் பணம் கட்டியவரும் கட்டாதவரும் ஒன்றாக நடுத்தெருவில் நிற்பார்கள்.

ஆகவே இரண்டு காரியம். கட்ட வேண்டியதைக் கட்டுங்கள். முடியாதவர்கள் தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: தீக் காப்புறுதி எந்தத் தேதிவரை இருக்கிறது? தீயணைப்புக் கருவிகளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது? ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தக் காப்புறுதி சுவருக்கும் கூரைக்கும்தான். உங்கள் சோபாவுக்கும் நகைக்கும் இல்லை. அதற்கு உங்கள் பெயரில் தனிக் காப்புறுதி வேண்டும்.

ஐந்தாவது பை, முதலாளி. மருத்துவமனை, ஹோட்டல், பெரிய தொழிற்சாலை போன்ற குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு 341-ஆம் சட்டப்படி பொம்பாவின் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். கட்டணம் கட்டி அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையா, இருந்தால் அது காலாவதியாகவில்லையா என்று தொழிற்சங்கத்தின் மூலம் கேட்கலாம். பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைக்கும் தொழிற்சாலையில் உங்கள் மகள் வேலை செய்கிறாள் என்றால், இது சட்டப் பேச்சு மட்டுமல்ல.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகை. ஒரு வீட்டில் பற்றினால் வரிசையே போகும். மெயின் ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். நடுவில் பூட்டிய கேட்.

தோட்டம் தனியார் நிலம் என்று காரணம் காட்டி, கிராமப்புற மேம்பாட்டுப் பணம் பல காலம் அந்தக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இது நம் சமுதாயத்தின் பழைய காயம். ஆனால் பொம்பா விஷயத்தில் அந்த வாதம் செல்லாது. 341-ஆம் சட்டத்தின் 5-ஆவது பிரிவு பொம்பாவின் கடமைகளைச் சொல்கிறது: தீயை அணைப்பது, தடுப்பது, உயிரையும் சொத்தையும் காப்பது, தீயின் காரணத்தை விசாரிப்பது, பேரிடர் நேரத்தில் மனிதாபிமானச் சேவை செய்வது. தோட்டத்து உயிர் வேறு, டவுன் உயிர் வேறு என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அரசியலமைப்பின் 8-ஆவது விதி எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. சர்க்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட்டை வாங்கும்போது தோட்டத்துக்காரர் என்று யாரும் நமக்கு விலையைக் குறைப்பதில்லை. எனவே சேவையையும் குறைக்க முடியாது.

தோட்ட முதலாளிக்கும் தனிப் பொறுப்பு உண்டு. 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றியது. தண்ணீர், மின்சாரம், வீட்டைப் பழுது பார்ப்பது எல்லாம் முதலாளி கடமை. முப்பது ஆண்டுப் பழைய வயர் பொரிந்து நெருப்புக் கக்கினால், அதை மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுங்கள்; நகலைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புங்கள். வாயால் கிராணியிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது. தேதி போட்ட கடிதம் நிற்கும்.

தோட்டம் கைமாறி, வீடமைப்பு நிறுவனம் வாங்கி, வழக்கு நடந்துகொண்டிருக்கும் லயங்களும் இருக்கின்றன. அங்கே யாரும் எதையும் பழுது பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் காத்திருக்காமல் பக்கத்துப் பொம்பா நிலையத்துக்குப் போய், எங்கள் லயத்தை வந்து பாருங்கள் என்று அழையுங்கள். எந்தப் பாதையில் வண்டி வரும், கேட் சாவி யாரிடம், குட்டையிலிருந்து தண்ணீர் எடுக்க முடியுமா என்று அவர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது ஒரு வரிசை வீட்டைக் காப்பாற்றும். நில வழக்கு எத்தனை ஆண்டு ஓடினாலும் தீ அதற்காகக் காத்திருக்காது.

இன்னொன்று. பல சீனப் புதுக்கிராமங்களில் தன்னார்வத் தீயணைப்புப் படை இருக்கிறது. பகலில் கடை வைத்திருப்பவர், மெக்கானிக், காய்கறி வியாபாரி எல்லாரும் சேர்ந்து பயிற்சி பெற்று, ஊர்ப்பணம் திரட்டி வண்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். பொம்பா இலாகாவின் அங்கீகாரம் இருக்கிறது. கூட்டரசு அரசாங்கத்தின் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கிறார்கள். பெரிய நிலையத்திலிருந்து வண்டி வருவதற்குள் முதல் தண்ணீரை அடிப்பவர்கள் அவர்கள்தான். நாம் கோயில் திருவிழாவுக்கு ஒரு மாதத்தில் பணம் திரட்டுகிறோம். தண்ணீர்ப் பந்தலுக்கு நூறு இளைஞர்களைச் சேர்க்கிறோம். அந்த ஒற்றுமையில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு படை தொடங்க. வேலை தேடும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: எஸ்.பி.எம். முடித்தவர்கள் பொதுச் சேவை ஆணையத்தின் வழியாகப் பொம்பா வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வரும்போது பாருங்கள். நாம் பணம் போடும் இலாகாவில் நம் பிள்ளைகளும் சீருடை போட வேண்டும்.

அந்தச் சீருடைக்கு மரியாதை கொடுக்கவும் கற்றுக்கொள்வோம். 2018 அக்டோபர் 3-ஆம் தேதி, சிலாங்கூர் தாமான் புத்ரா பெர்டானாவுக்கு அருகில் ஒரு பழைய சுரங்கக் குட்டையில் 17 வயதுப் பையனைத் தேடப்போன ஆறு பொம்பா வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில். 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி சுபாங் ஜெயா புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து வானளவு தீ எழுந்தபோது, எல்லாரும் வெளியே ஓடினார்கள். அவர்கள் உள்ளே போனார்கள். நல்ல கருவி, போதிய ஆள், முறையான ஓய்வு அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று கேட்பதும் வரி கட்டுபவரின் வேலைதான். அவர்களுக்குக் குறைந்தால் நமக்கும் குறையும்.

கடைசியாக, நீங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது. ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். உங்கள் குடியிருப்பின் பெயர், எத்தனை குடும்பம், எத்தனை வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், பக்கத்துப் பொம்பா நிலையம் எவ்வளவு தூரம், தண்ணீர்க் குழாய் எங்கே, பாதையில் என்ன தடை என்று எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துச் சேருங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். மாநிலப் பொம்பா இயக்குநருக்கு ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று, நகராண்மைக் கழகத்துக்கு ஒன்று, தோட்டமாக இருந்தால் நிர்வாகத்துக்கு ஒன்று. நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வழக்கமாக அக்டோபரில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும். அதற்கு முன்பே உங்கள் கடிதம் மேசையில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்த முத்திரை போட்ட நகலை என்னிடம் கொண்டு வாருங்கள். அடுத்த கடிதம் நான் எழுதுகிறேன். அதற்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டேன்.

கடிதத்தின் முதல் வரியில் "தயவு செய்து உதவுங்கள்" என்று எழுதாதீர்கள். "வரி செலுத்தும் நாங்கள், எங்கள் குடியிருப்பின் தீப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க விரும்புகிறோம்" என்று எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள். ஆனால் கெஞ்சி எழுதாதீர்கள்.

பணம் கட்டியாகிவிட்டது. கேட்பதுதான் பாக்கி.